ஆடி மாத ஞாயிறுகள்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் குடியிருக்கும் அந்தக் குடும்பத்துக்கு ஆடி பிறந்தால்தான் சொந்த ஊர் கண்ணில் படும். அப்பா சுற்றுலா வண்டி ஓட்டுகிறார். சித்திரை, வைகாசியில் அவர் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் ஒரே நாளில் மூன்று, நான்கு முறை தூண் பாறைக்குப் போய்வருவார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அந்தக் கண்காட்சியைக் காட்டியதே இல்லை. ஆடியில் புதுமணத் தம்பதிகளைப் பிரித்துவைப்பது நம் வழக்கம். தேனிலவுச் சவாரிகள் நின்றுவிடும். சாரலும் சேர்ந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டி வாசலில் நிற்கும். அந்த நாலைந்து ஞாயிறுகள்தான் குடும்பத்துக்கு ஊர் சுற்றும் நாட்கள்.

தாத்தா முன் இருக்கையில். எழுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். மடித்த செய்தித்தாள் மடியில் இருக்கும். அம்மாவும் மகளும் பின்னால். அம்மா கையில் புளிச்சாதத் தூக்கும் இரண்டு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்களும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை வந்து, மீறினால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமைக் கட்டணம் என்று 2024-ல் அறிவித்தபோது ஊரே பேசியது. அம்மாவுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவர் பள்ளிக்கூட நாளிலிருந்தே சுமப்பது எவர்சில்வர்தான். வண்டி கிளம்பியதும் கோடை பண்பலை, 100.5. தென்மாவட்டங்களில் பாதி ஊர்கள் கேட்கும் வானொலி இந்த மலைமேலிருந்துதான் ஒலிபரப்பாகிறது. பாட்டுக்கு நடுவே செய்தி வரும். செய்தி முடிந்ததும் தாத்தா ஒலியைக் குறைப்பார். பேச்சு தொடங்கும்.

முதல் ஞாயிறு அப்சர்வேட்டரி. மழைக்காலத்தில் சூரியனைப் பார்க்கப் போவானேன் என்று அம்மா கேட்டார். “சூரியன் தெரியாட்டியும் படம் இருக்கும்மா” என்றார் தாத்தா. அவர் சொன்னது சரிதான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். ஒரு நட்சத்திரத்தைப் பற்றி இவ்வளவு நீண்ட தொடர்ச்சியான பதிவு உலகத்திலேயே சில இடங்களில்தான் உண்டு.

அங்கே நின்று பேத்திக்கு அவர் சொன்ன கதை வானவியலில் தொடங்கவில்லை, பசியில் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. மழை ஏன் பொய்த்தது, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அப்போது கேள்வி எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க மேகத்துக்கு மேலே உயரமான ஓர் இடம் தேவைப்பட்டது. 1899-ல் சென்னை வானாய்வுக்கூடத்தின் வேலை இந்த மலைக்கு ஏறி வந்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அது இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சம்பளப் பட்டியலில் இல்லாமலே கணவரோடு உழைத்தவர். சூரியப் பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1917-ல் வெளிவந்தது.

“சம்பளமே இல்லாமயா தாத்தா?” என்றாள் மகள். அம்மா சிரிக்கவில்லை. அவருக்குச் சமையல்கட்டு, மாமனார், வீட்டுக்கணக்கு, தோட்டம் என்று வேலைகள். யாரும் இதுவரை அவற்றுக்குக் கணக்கெழுதியதில்லை. 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது அந்த வீட்டில் நடந்த விவாதத்தைத் தாத்தா நினைவூட்டினார். அது உதவியா, உரிமையா? பெயரிலேயே உரிமை என்று இருப்பதுதான் தனக்குப் பிடித்தது என்றார் அம்மா. அந்த மாதத் தொடக்கத்தில்தான், 2-ஆம் தேதி, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்ணில் ஏறியது. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரர், நிகார் ஷாஜி. அதன் முக்கியமான கருவியை உருவாக்கியது இந்திய வானியற்பியல் நிறுவனம்; கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தை நடத்துவதும் அதே நிறுவனம். மேரி எவர்ஷெட்டுக்கும் நிகார் ஷாஜிக்கும் இடையே நூறாண்டு கடந்திருக்கிறது. மகள் இருவர் பெயரையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு குணா குகை. அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. “தினம் பார்க்கிற இடத்தை ஞாயித்துக்கிழமையும் பார்க்கணுமா?” மகள் விடவில்லை. வெள்ளைக்காரர்கள் சாத்தானின் சமையலறை என்று பெயர்வைத்த அந்தப் பாறை இடுக்கு, 1991-ல் ‘குணா’ வந்தபிறகு குணா குகை ஆகிவிட்டது. 2006-ல் எர்ணாகுளம் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் உள்ளே விழ, நண்பர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி மீட்டார். 2024 பிப்ரவரியில் அதே கதை ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்று மலையாளத்தில் வந்து தமிழ்நாட்டிலும் ஓடு ஓடென்று ஓடியது. அதன்பிறகு குகைக்குப் போகும் பாதையில் கால்வைக்க இடமில்லை. அந்தப் படத்தில் ஒலித்த பழைய ‘குணா’ பாட்டுக்கு உரிமை யாருடையது என்று இளையராஜா தரப்பு அறிவிக்கை அனுப்பியதும் அந்த ஆண்டு மே மாதத்தில்தான். பண்ணைப்புரத்துப் பிள்ளை, தன் பாட்டு எங்கே ஒலித்தாலும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று சொல்வதில் தவறில்லை என்பது தாத்தாவின் கட்சி. பாட்டு ஊருக்கே சொந்தமாகிவிட்டது என்பது அப்பாவின் கட்சி. திரும்பி வரும்வரை அது ஓயவில்லை.

வேலிக்கு இந்தப்பக்கம் மரவேர்கள். நரம்பு புடைத்த கைகளைப்போல் மண்ணுக்கு மேலே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான செருப்புகள் தேய்த்து வேரின் தோல் மெழுகிய மரச்சாமான்போல் வழவழத்துப் போயிருந்தது. மகள் குனிந்து தடவிப்பார்த்தாள். ஈரம். பட்டை அறவே இல்லை. அப்பா அதைப் பார்த்து நின்றார். அவர் கூட்டிவந்தவர்களின் செருப்பும் அதில் அடக்கம் என்பது அவருக்குத் தெரியும்.

வண்டியில் ஏறியதும் இ-பாஸ் பற்றிப் பேச்செடுத்தது அவரேதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வந்தது. ஸ்டாண்டில் உடன் நிற்பவர்கள் அதை எதிர்த்தார்கள். ஓட்டல்காரர்களும் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். அவரும் அவர்களோடுதான் நின்றார். வண்டிக்கு மாதத்தவணை கட்டுபவர் வேறெப்படி நிற்பார்? ஆனால் 2023 மே மாதத்து ஞாயிறு ஒன்றில் ஏரிச்சாலையில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருந்த வண்டி முக்கால் மணி நேரம் நகராமல் கிடந்ததைப் பின்னாலிருந்து பார்த்தவரும் அவர்தான். “வேணும்னும் சொல்ல முடியல, வேணாம்னும் சொல்ல முடியலப்பா” என்றார் தாத்தாவிடம். தாத்தா பதில் சொல்லவில்லை.

இந்த மலை இதைவிடப் பெரிய விலையையும் கொடுத்திருக்கிறது. செயின்ட் மேரிஸ் சாலையில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலையை முதலில் பாண்ட்ஸ் நிறுவனமும் பிறகு இந்துஸ்தான் லீவரும் நடத்தின. 2001 மார்ச்சில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்தது வெளியே தெரிந்ததும் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் கையெழுத்தானது. பதினைந்து ஆண்டுகள். அந்தச் சாலையைத் தாண்டும்போது தாத்தா இதைப் பேத்திக்குத் தவறாமல் சொல்வார். கேட்டுக்கேட்டு எண்கள் அவளுக்கு மனப்பாடம். மனப்பாடமாகட்டும் என்றுதான் அவர் சொல்கிறார்.

இன்னொரு ஞாயிறு பூம்பாறை, அம்மாவின் ஊர். கொடைக்கானலிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டருக்குள். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் பூண்டு, கேரட், உருளைத் தோட்டங்கள். நடுவே ஓடும் தகரமுமாகக் கொத்துக்கொத்தாய் வீடுகள். குழந்தை வேலப்பர் கோயில். மூலவரைப் போகர் வடித்ததாக ஐதீகம். பழனி மூலவருக்குச் சொல்லும் அதே கதை மலைமேலும் வாழ்கிறது. கும்பிட்டுவிட்டு அம்மாவின் அண்ணன் வீட்டில் சாப்பாடு. பூண்டுக்குழம்பு இல்லாமல் அந்த வீட்டில் இலை போடமாட்டார்கள்.

அடுப்புக்கு மேலே கயிற்றில் தாளோடு சேர்த்துக் கட்டிய பூண்டுக் கட்டுகள் தொங்கின. புகைபட்டு வெளித்தோல் பழுப்பேறியிருந்தது. மாமா ஒரு பல்லை நகத்தால் கீறி மகளின் மூக்கருகே நீட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இதுதான்டா மலைப்பூண்டு. கீழ இருந்து வர்றது பெருசா வெள்ளையா இருக்கும், வாசம் இருக்காது.” 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்ததும் அதே ஆண்டில். இங்கே விளைவது பெரும்பாலும் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும். விலையை வைப்பது அங்கே. 2024 தொடக்கத்தில் நாடெங்கும் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது மாமா வீட்டில் விதைக்கு வைத்தது போக மிச்சமே இல்லை. குறியீட்டால் கள்ளப்பெயரில் விற்பது குறைந்தால் சரி, விலையை அது வைக்காது என்றார். எதிர்ச்சரிவைக் காட்டி, அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் மேல்மலைக் காடுகள் நாள்கணக்கில் எரிந்ததைச் சொன்னார். புல்வெளியும் சோலையுமாக இருந்த இடங்களில் வெள்ளைக்காரர் காலத்திலும் பிறகும் சீகையும் பைனும் யூகலிப்டஸும் நட்டார்கள். சோலையில் தீ உள்ளே போகாது, ஈரம் தடுக்கும். பைன் சருகு அப்படியா?

ஆடிக் கிருத்திகைக்குக் குறிஞ்சியாண்டவர். எத்தனை முறை போனாலும் தாத்தாவுக்கு அலுக்காத கோயில். ஆஸ்திரேலியாவில் பிறந்து, யாழ்ப்பாணத்துச் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட பெண்மணி 1936-ல் கட்டியது. கணவர் 1930-ல் காலமாகிவிட்டார். அவர் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில்தான் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கிறது. கடல் கடந்த இரண்டு தேசங்களின் பாசம் இங்கே முருகன் காலடியில் வந்து சேர்ந்திருக்கிறது. திண்டுக்கல் பக்கத்துத் தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களுக்குப் புது வீடுகள் கட்டிக்கொடுத்த செய்தி வந்தபோதும் தாத்தா முதலில் நினைத்தது இந்தக் கோயிலைத்தான். அகதி என்ற சொல்லை எடுத்து ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். குடியுரிமை எப்போது என்று கேட்டார் அவர். அதற்கு வண்டியில் யாரிடமும் பதில் இல்லை.

கோயிலுக்குப் பின்புறம் நின்றால் வானம் திறந்த நாளில் பழனி மலை தெரியும். அன்று மூட்டம். வேலிக்கு அப்பால் வெண்மை மட்டும்தான். கோயில் வளாகத்தில் குறிஞ்சிச் செடிகள், இலையாக மட்டும். தாத்தா 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என்று ஆறு முறை பூக்கப் பார்த்தவர். 2018-ல் மகளுக்கு ஐந்து வயது. அப்பாவின் தோளில் ஏறி நீலத்தைப் பார்த்ததாக நினைவு, அது நினைவா போட்டோவா என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்தது 2030.

கைப்பேசி ஒலித்தது. சனிக்கிழமைக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர். அப்பா வேலியோரம் நகர்ந்து, சொந்த வண்டியில் வருகிறீர்களா, இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று நிதானமாக விசாரிக்கத் தொடங்கினார். “பாட்டில் வேணாம்னு சொல்லுங்க” என்றார் பின்னாலிருந்து அம்மா. “குடிக்கத் தண்ணி வீட்டிலருந்தே கொண்டுவந்துருங்க சார், ஸ்டீல்ல” என்று அவர் சொல்வது மூட்டத்துக்குள்ளிருந்து கேட்டது.