வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்றார்கள் நம் முன்னோர். பட்டணம் சேர்ந்தபின் அதன் எந்த மூலையில் குடியிருப்பது என்பதை அவர்கள் சொல்லிவைக்கவில்லை. அவர்கள் காலத்தில் அந்தக் கேள்வி எழவில்லை போலும்! ஊருக்குள் நுழைந்தவன் கடைத்தெருவையும் கோயிலையும் வேலை செய்யும் இடத்தையும் கால்நடையாகவே அடைந்துவிட முடிந்தது. இன்று நிலைமை வேறு. படிப்பை முடித்து வேலைக்கான உத்தரவைக் கையில் வாங்கும் நண்பர் ஒவ்வொருவரும், ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்டவுடன் கேட்டாக வேண்டிய மற்றொரு கேள்வி உண்டு. வேலை எங்கே, வீடு எங்கே, நடுவே என்ன இருக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன்வரை உங்களைப் போல் நம் மன்றத்தின் கூட்டங்களில் அமர்ந்திருந்து, இப்போது வேலைக்குச் சென்றுகொண்டிருப்பவன் என்ற முறையில், அந்த ‘நடுவே’ பற்றி நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் வீடு பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருக்கிறது. 1809-இல் ஆங்கிலேயர் தங்கள் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிக் கண்டோன்மென்டை அமைத்தபோது, படையின் பின்னாலேயே தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்களும் வணிகர்களும் கொத்தர்களும் சமையற்காரர்களுமாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்தப் பகுதிகளில் நிறைந்திருக்கிறார்கள். எங்கள் பேட்டைக்குக் கிட்டல் நகர் என்றும் ஒரு பெயர் உண்டு. 1894-இல் கன்னட ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக வைத்த பெயர் அது. பெயரிலே ‘கிட்ட’ இருக்கிறது. வேலைதான் கிட்ட இல்லை!

என் பாட்டனாருக்கு அது கிட்டத்தான் இருந்தது. அவர் பிரிகேட் சாலையில் ஒரு கடையில் தையல் வேலை செய்தார். காலையில் குளித்து, திருநீறு பூசி, நடந்தே போவார். மதியம் வீட்டுக்கு வந்து உண்டு திரும்புவார். என் தந்தையார் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தார். 1940-இல் எச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ., 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல். என்று ஒன்றன்பின் ஒன்றாக இந்நகரில் பெருந்தொழிற்சாலைகள் தோன்றின. அவை ஆலையைக் கட்டியதோடு நில்லாமல், பக்கத்திலேயே தொழிலாளர் குடியிருப்புகளையும் எழுப்பின. வெளியே குடியிருந்தவர்களுக்குப் பேருந்து அனுப்பின. தொழிலாளியின் வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள தூரம் ஆலையின் பொறுப்பாகவும் கருதப்பட்ட காலம் அது.

மூன்றாம் தலைமுறையான என் பங்குக்கு வாய்த்தது எலெக்ட்ரானிக் சிட்டி. 1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், நகருக்குத் தெற்கே ஓசூர்ச் சாலையில் 332 ஏக்கர் நிலத்தில் தொடங்கிய தொழிற்பேட்டை அது. அப்போது அது ஊருக்கு வெளியே இருந்தது. நிலம் அங்கே கிடைத்தது, தொழில் வந்தது, பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே வேலை செய்வோர் எங்கே குடியிருப்பது, எப்படி வந்து சேர்வது என்பது பெரும்பாலும் அவரவர் பாடாகிவிட்டது.

ஆஸ்டின் டவுனிலிருந்து என் அலுவலகம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர். ஆடுகோடியைத் தாண்டி, மடிவாளாவில் ஊர்ந்து, சில்க் போர்டு சந்திப்பை அடைந்தால் பாதி யுத்தம் முடிந்தது. 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியப் பட்டு வாரியத்தின் அலுவலகம் அங்கே இருப்பதால் சந்திப்புக்கு அந்தப் பெயர். பட்டுப்புழு மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளுமாம். அந்தச் சந்திப்பில் மாலை ஆறரை மணிக்கு நிற்பவனைச் சுற்றி மூன்றே நிமிடத்தில் கூடு கட்டிவிடுகிறார்கள். முன்னே லாரி, பின்னே பேருந்து, இருபுறமும் ஸ்கூட்டர்!

சந்திப்பைக் கடந்தால் பறக்கும் சாலை. 2010 சனவரியில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் அது. சுங்கம் கட்டி ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மறுமுனை. ஆனால் மேம்பாலத்தின் வேகமெல்லாம் அதன் வாயிலோடு சரி. அங்கே மிச்சம் பிடித்த நேரத்தைச் சில்க் போர்டு வட்டியோடு வாங்கிக்கொள்ளும். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஆந்தணி டவுன்ஸ் இதை 1962-இலேயே எழுதிவிட்டார். நெரிசல் நேரத்துக்காக விரைவுச்சாலை எவ்வளவு அகலமாகப் போட்டாலும், அதை நிரப்ப வண்டிகள் வந்துவிடும் என்பது அவர் கண்ட விதி. வேறு வழியில் போனவர், வேறு நேரத்தில் போனவர், பேருந்தில் போனவர் என்று மூன்று சாராரும் புதுச் சாலையின்மேல் ஆசைப்பட்டு வந்து சேர்வார்கள். 2022-இல் உலக நகரங்களை அளந்த டாம்டாம் நிறுவனம், பெங்களூரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க 29 நிமிடத்துக்குமேல் ஆவதாகக் கணக்கிட்டது.

என் கணக்கு அதைவிட மோசம். காலையில் ஒன்றே கால் மணி. மாலையில் ஒன்றே முக்கால் மணி. நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்குப் பதினைந்து. ஆண்டுக்கு 48 வாரம் வேலை என்று வைத்துக்கொண்டால் 720 மணி நேரம். அதாவது இரவும் பகலும் சேர்ந்த 30 முழு நாள்கள். ஆண்டுக்கு ஒரு திங்கள் நான் ஓசூர்ச் சாலையில் வாழ்ந்தேன்!

மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான். நானும் சில உபாயங்கள் செய்து பார்த்தேன். சொந்த வண்டியை நிறுத்திவிட்டு அலுவலகப் பேருந்தில் ஏறினேன். சக்கரத்தைப் பிடிக்கும் கை புத்தகத்தைப் பிடித்தது. புறப்படும் நேரத்தை முக்கால் மணி முன்தள்ளினேன். பயணத்தில் இருபது நிமிடம் குறைந்தது. வண்டி நிற்கும்போது கைப்பேசியில் நேரம் பார்ப்பதை விட்டேன். கோபம் பாதியாகக் குறைந்தது. பக்கத்து இருக்கைக்காரரோடு பேசத் தொடங்கினேன்; ஒரு நல்ல நண்பர் கிடைத்தார். இவை யாவும் நல்லவையே. ஆயினும் வலிக்கு ஒத்தடம் வேறு, மருந்து வேறு அல்லவா?

இத்தாலிய இயற்பியலறிஞர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் ஒரு சுவையான கருத்தை எழுதினார். எக்காலத்திலும் மனிதன் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமே பயணத்துக்குச் செலவிட விரும்புகிறான் என்பது அது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவன் அரைமணி போய் அரைமணி திரும்பினால் எட்டும் தூரம் இரண்டரைக் கிலோமீட்டர். பழைய மதில் சூழ்ந்த நகரங்கள் அந்த அளவுக்குள்ளேயே இருந்தன என்று அவர் காட்டினார். என் பாட்டனாரின் உலகமும் அந்த வட்டத்துக்குள் அடங்கியது. என்னுடையது அதைப்போல் மும்மடங்கு நேரத்தைக் கேட்டது. 2008-இல் ஃப்ரே, ஸ்டுட்சர் என்ற இரு பொருளியலறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் விவரங்களை ஆராய்ந்து, நெடுநேரம் பயணம் செய்வோரின் மனநிறைவு குறைந்தே இருக்கிறது, கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுசெய்வதில்லை என்று கண்டார்கள். அதைப் படித்த அன்றே, வேலைக்கு அருகில் குடிபோவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். ஆகவே, முதலில் ஒத்திகை பார்ப்போம் என்று எண்ணி, எலெக்ட்ரானிக் சிட்டியில் நண்பர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டில் இரண்டு மாதம் பங்காளியாகத் தங்கினேன். அலுவலகம் பன்னிரண்டு நிமிட நடை. முதல் இரண்டு வாரம் சொர்க்கம்தான். ஏழரை வரை தூங்கினேன்; மாலை வெளிச்சம் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் கண்டேன். மூன்றாம் வாரம் தொடங்கியது வினை. “நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்?” என்ற ஒரு வாக்கியம் அலுவலகத்தில் உலவலாயிற்று. எட்டு மணிக் கூட்டத்துக்கு நான். சனிக்கிழமை பழுது பார்க்க நான். இரண்டாம் மாத முடிவில் எண்ணிப் பார்த்தேன். மிச்சமான இரண்டரை மணி நேரத்தில் எனக்கென்று எஞ்சியது ஒரு மணி. சாலை விட்டதை மேசை பிடித்துக்கொண்டது!

அதற்கிடையில் அம்மாவைப் பத்து நாள் அங்கே அழைத்துவந்து வைத்திருந்தேன். அவருக்கு வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி, தந்தையார் காலமானபின் நானும் அவருமே. நல்ல காற்று, நல்ல தண்ணீர், மின்தூக்கி, எல்லாம் இருந்தன. நான்காம் நாள் கேட்டார்: “ஏம்பா, இங்க ஒரு வீட்டுக் கதவு கூட திறந்தே இல்லையே? யாருகிட்ட பேசறது?” எனக்குப் பதில் வரவில்லை.

ஆஸ்டின் டவுனில் அவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறார் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். காலையில் கீரைக்காரி. பத்து மணிக்குத் தெருமுனைக் கடை. வியாழக்கிழமைதோறும் பக்கத்து வீட்டு அம்மாளோடு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயம். அங்கே எல்லா மதத்தாரும் வருவார்கள். மாலையில் நந்தன் மைதானத்தில் பந்தாடிவிட்டு வரும் பையன்கள் எங்கள் திண்ணையில் தண்ணீர் குடிப்பார்கள். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு என்று நான்கு மொழியும் ஒரே தெருவில் ஓடும். நான்கிலும் அம்மா வழக்காடுவார். மருத்துவர் இரண்டு தெரு தள்ளி. யார் துணையுமின்றி நடந்து போய் வருகிறார்.

அவர் வீடு திரும்பிய அடுத்த வாரம் ஒரு நாள் மாலை, ஏழு மணிக்கு அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்; அவர் மனைவி எங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். எனக்குச் செய்தி வந்து, நான் அந்தச் சாலையைக் கடந்து சேர்வதற்குள் ஊசி போட்டு, மூச்சு சீராகி, அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தார். அடுக்குமாடியில் என்னோடு இருந்திருந்தாலும், அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில்தான் இருந்திருப்பேன். கதவைத் தட்ட அங்கே யார் இருந்தார்?

அன்று இரவு கணக்கை மீண்டும் போட்டேன். இதுவரை நான் எழுதியது என் மணிகளை மட்டும். குடிபெயர்ந்தால் எனக்கு நாளுக்கு ஒரு மணியோ இரண்டு மணியோ வரவு. அம்மாவுக்கோ விழித்திருக்கும் நேரம் முழுவதும் செலவு. என்னை மட்டும் அனுப்பிவிட்டு அவர் இங்கே இருப்பதென்றால், “நீ போப்பா, நான் பாத்துக்கறேன்” என்று அவரே சொன்னார். ஆனால் அவரை ‘பார்த்துக்கொள்ளும்’ வேலையைப் பக்கத்து வீட்டார் தலையில் வைத்துவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே இருப்பது என்று தீர்மானித்தேன். வெறுமனே சகித்துக்கொண்டு இருக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 10-ஆம் நாள் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ஆர்.வி. சாலை முதல் பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் சில்க் போர்டு நிலையம். அங்கிருந்து கால் மணி அளவில் எலெக்ட்ரானிக் சிட்டி. தொடக்கத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான். ஆகவே தவறவிட்டவன் பாடு திண்டாட்டம்! அலுவலகத்தில் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டுப் பெற்றேன். 2020-இல் தொற்றுக் காலத்தில் எல்லா வேலையும் வீட்டிலிருந்தே நடந்ததை அவர்களும் மறக்கவில்லை. இப்போது மூன்று நாள், நாளுக்கு இரண்டரை மணி, வாரத்துக்கு ஏழரை. பதினைந்து பாதியாயிற்று.

நண்பர்களே! எல்லாரும் என்னைப்போல் இருந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேலத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ இந்நகருக்குப் புதிதாக வருகிறவருக்கு இங்கே ஒரு தெருவும் இன்னும் சொந்தமில்லை. அவர் வேலைக்கு அருகிலேயே அறை பிடிப்பது நல்லது. ஆனால் ‘பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்’ என்பதற்குப் பதிலை முதல் வாரத்திலேயே தயார் செய்துகொள்ளட்டும். குடும்பத்தோடு இருப்பவர் மூன்று வரி எழுதிப் பார்க்கட்டும். எத்தனை மணி நேரம் மிச்சமாகும்? அந்த நேரம் யார் கைக்குப் போகும்? நமக்கு அது மிச்சமாவதற்காக வீட்டில் மற்றவர் எதை இழப்பார்? மூன்றாவது வரியை எழுதும்போது அவர்களையே கேட்டு எழுதுங்கள்; நாமாக ஊகித்து எழுதினால் கணக்கு நமக்குச் சாதகமாகவே முடியும்.

என் கணக்கும் என்றைக்கும் இப்படியே நிற்கும் என்பதில்லை. அம்மாவின் முழங்கால் மாறலாம், வேலை மாறலாம், புதிய மெட்ரோத் தடங்கள் வரலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஏட்டைத் திறந்து, இருவருமாக உட்கார்ந்து, மறுபடியும் கூட்டிப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.