குழந்தை பால் குடிக்க மறுத்தால்...

நேற்று வரை சமர்த்தாகப் பால் குடித்த குழந்தை, இன்று மடியில் போட்டதும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டு அழும். வாயையே வைக்காது. தலைப்பிள்ளைக்காரிக்கு இதைவிடப் பெரிய கலவரம் வேறு இல்லை.

போன வைகாசியில் என் தங்கைக்கு இதுதான் நடந்தது. உறவில் ஒரு கல்யாணத்துக்காக ஏழு மாதப் பெண் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணக் கூட்டத்தில் குழந்தை கைக்குக் கை மாறியது. பால் கொடுக்கும் வேளை தப்பிப் போயிற்று. போதாததற்குப் பல் வேறு முளைத்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் பால் குடிக்கும்போது நறுக்கென்று கடித்துவிட, இவள் வலி தாங்காமல் "ஐயோ!" என்று அலறினாள். குழந்தை மிரண்டு அழுதது. அதன்பின் மார்புப் பக்கமே திரும்பவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "உரம் விழுந்திருக்கும், புடவையில போட்டு உருட்டி எடுக்கலாம்" என்றார் ஒரு பாட்டி. "தாய்ப்பால் புளிச்சுப் போச்சு" என்றார் இன்னொருவர். "அதுவே மறந்துடுச்சு, புட்டிப்பாலுக்கு மாத்திடு" என்றார் மூன்றாமவர். தங்கையோ, "அவளுக்கு என்னையே பிடிக்கலையாக்கா?" என்று கேட்டுக் கண் கலங்கினாள்.

மறுநாள் காலை டாக்டரிடம் காட்டினோம். மூக்கடைப்பு, காது வலி, வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும் பூஞ்சை, இவற்றில் எது இருந்தாலும் குழந்தை குடிக்க மறுக்குமாம். இவளுக்கு அவை எதுவும் இல்லை. "பல் ஊறலும் பயமும்தான் காரணம். ஒரு வயசுக்குள்ள குழந்தை திடீர்னு தானா பாலை மறக்கிறது அபூர்வம். பெரும்பாலும் சில நாள்ல சரியாயிடும்" என்றார்.

அவர் சொன்னபடி செய்தோம். குழந்தை குடிக்கும் வேளைக்கெல்லாம், இரண்டு மூன்று மணிக்கொரு தரம், தங்கை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்த கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி எடுத்தாள். எடுக்காவிட்டால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம், சுரப்பும் குறையும். அந்தப் பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். புட்டி கொடுக்கவில்லை. ரப்பருக்குப் பழகிவிட்டால் மார்புக்குத் திரும்புவது சிரமம். பருப்பு சாதமும் இட்லியும் வழக்கம்போல் கொடுத்தோம்.

தலையைப் பிடித்து மார்பில் அழுத்தக் கூடாது, பயம் அதிகமாகும். தங்கை சென்ட், பவுடர் எல்லாவற்றையும் நிறுத்தி, பழைய நூல் புடவை கட்டிக்கொண்டு, சந்தடியில்லாத அறையில் குழந்தையைத் தன் உடம்போடு அணைத்துப் படுத்தாள். ஈறு ஊறலுக்கு, குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுத்தோம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது மட்டும் மெல்ல மார்பைக் காட்டினாள். அழுதால் உடனே விட்டுவிடுவாள்.

இரண்டு நாள் பலனில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் விடியற்காலை, கண்ணை மூடியபடியே தேடி வந்து குடித்தது பாருங்கள்! தங்கை அசையாமல் படுத்திருந்தாள். இப்போது கடித்தால் அவள் கத்துவதில்லை. சுண்டு விரலைக் குழந்தையின் வாயோரம் நுழைத்து மெல்ல விடுவித்துக்கொள்கிறாள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நாளைக்கு ஆறு தரத்துக்குக் குறையாமல் குழந்தை சிறுநீர் போகிறதா என்று எண்ணுங்கள். அது குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையானால் ஒரு வேளைகூடக் காத்திருக்க வேண்டாம். உரம் எடுக்கிறேன் என்று யாரும் பிஞ்சு உடம்பை உருட்டிக் குலுக்க விடாதீர்கள்.

இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைச் சில நாள் அழுகைக்காக ஏன் நிறுத்த வேண்டும்? வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த நாட்களில் அடுப்படி வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தாயும் குழந்தையும் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும்.