மகளின் கணக்கும் என் கணக்கும்

சகோதரிகளே, ஒரு தகப்பன் செய்த தவறொன்றை எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் அது நடக்காமலிருக்க இவ்வெழுத்து உதவுமானால் அல்ஹம்துலில்லாஹ்.

என் மூத்த மகள் பல்கலைக்கழகம் புகுந்தது 2022 இல். வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நம் நாடு அறிவித்த வருடம் அது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. உம்மாவோடு காஸ் வரிசையிலும் பால்மா வரிசையிலும் நின்ற பிள்ளை, “இது ஏன் நடந்தது வாப்பா?” என்று கேட்டுக் கேட்டே பொருளியலைத் தெரிவு செய்தாள்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள். பட்டம் முடிந்ததும் அமெரிக்காவில் பொருளியலில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை என்றாள். அதற்குக் கணித பாடங்களை மேலதிகமாக எடுக்க வேண்டும், விடுமுறையிலும் விடுதியில் தங்க வேண்டும் என்றாள்.

“பொருளியலுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு? முதலில் பட்டத்தை முடிங்க மகள், மற்றதைப் பிறகு பார்ப்போம்” என்றேன்.

“சரி வாப்பா” என்று உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொல்வதானால், என் மனதிலிருந்தது கணக்கல்ல. ஐந்தாறு வருடப் படிப்பு, தூர தேசம், ஏறும் வயது, ‘மௌலவியின் மகள் வட்டியைப் படிக்கப் போகிறாளாம்’ என்று ஊர் பேசும் பேச்சு, இவைதான். அவற்றை வாய்விட்டுச் சொல்லத் துணிவின்றிக் கணக்கின்மேல் பழியைப் போட்டேன்.

ஒரு வருடம் கழிந்தது. ஓர் இரவு, மறுநாள் மத்ரஸாவில் நடத்தவிருந்த பராயிழ் பாடத்தை, அதாவது வாரிசுப் பங்கீட்டை, எழுதிக்கொண்டிருந்தேன். மிம்பரிய்யா எனப்படும் பிரபலமான மஸ்அலா அது. ஒருவர் மனைவியையும், இரு பெண்மக்களையும், தாய் தந்தையரையும் விட்டு மௌத்தாகிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம். சொத்தை 24 பங்காக்கினால் 3, 16, 4, 4 என வருகிறது. கூட்டினால் 27! இருப்பதோ 24. ஆகவே 27 ஆகவே பங்கிடுவர். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடும். ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றவாறே இதற்கு விடை சொன்னதாக அறிவிப்புண்டு.

பக்கத்தில் வந்தமர்ந்த மகள், “விடை சரி வாப்பா. ஆனால் எந்தக் குடும்பத்தில் எத்தனை வாரிசு இருந்தாலும் இந்த முறையில் யாருக்கும் அநியாயமாகாது என்று எப்படிக் காட்டுவீங்க? ஒவ்வொரு குடும்பமாகப் போட்டுப் பார்க்க முடியாதே” என்றாள்.

நான் விழித்தேன். அவள் எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்தாள். எல்லாப் பங்கையும் மொத்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் சொத்து மிச்சமின்றிப் பிரியும், ஒருவருக்கொருவர் உள்ள விகிதமும் மாறாது என்று நான்கே வரியில் நிறுவிக் காட்டினாள். “விடை காண்பது ஒன்று, நிறுவுவது ஒன்று. அங்கே கேட்கிற கணிதம் இந்த இரண்டாவதுதான்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அல்ஜிப்ரா என்ற பெயரையே உலகுக்குத் தந்த அல்குவாரிஸ்மி, பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய அந்நூலின் பெரும்பகுதியை வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கியவர். அந்த அறிவின் பிள்ளையைத்தான் நான் என் வீட்டு வாசலில் தடுத்து வைத்திருந்தேன்.

பிறகு அவளிடம் விபரமாகக் கேட்டேன். அங்கே கலாநிதிப் படிப்புக்கு முதுமாணிப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் நுண்கணிதம், நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு, இவற்றுக்கு மேலே நிறுவல் முறையில் அமைந்த மெய்ப் பகுப்பாய்வு ஆகியவற்றில் நல்ல பெறுபேறு பார்ப்பார்கள். பல இடங்களில் ஜீஆர்ஈ என்ற பரீட்சையும் உண்டு. அதன் கணிதப் பகுதியில் 170 க்கு அண்மித்த புள்ளி வேண்டும். மூன்று ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். வகுப்பில் முதலாவது வந்தாள் என்று எழுதினால் போதாது. அவளோடு ஆய்வில் வேலை செய்து அறிந்தவர் எழுத வேண்டும். நல்ல இடங்களில் தெரிவானவருக்குக் கற்கைக் கட்டணம் இல்லை, உதவிப்பணமும் கிடைக்கும். அதனால் வட்டிக் கடனுக்குப் போகத் தேவையில்லை. விண்ணப்பம் ஒன்றுக்கு ஏறக்குறைய நூறு டொலர் செலவாகும். கேட்டால் அதைத் தள்ளுபடி செய்யும் இடங்களும் உண்டு.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் இறுதி ஆண்டு டிசம்பரில் போகின்றன. அதுவரை பெற்ற பெறுபேறுகளே கணக்கில் எடுக்கப்படும். அதனால்தான் அவள் இரண்டாம் வருடத்திலேயே கேட்டிருக்கிறாள். என்னால் வீணான வருடத்தின் பாடங்களை அவளால் அந்த டிசம்பருக்குள் முடிக்க இயலவில்லை. இப்போது பட்டத்தின் பின் ஒரு வருடம் ஆய்வு உதவியாளராக வேலை செய்துவிட்டு விண்ணப்பிக்கத் தீர்மானித்திருக்கிறாள். “இன்னும் ஒரு வருஷமா?” என்று அவளது உம்மும்மா பெருமூச்சு விடுகிறார். அந்தப் பெருமூச்சுக்கும் நானே காரணம்.

தூரப் பயணம், துணை, திருமணம் ஆகியவை பற்றி இப்போது வீட்டில் வெளிப்படையாகப் பேசுகிறோம். எல்லாவற்றிலும் முடிவு வந்துவிடவில்லை. ஆனால் அவை மஷூரா செய்ய வேண்டிய விடயங்கள். கணக்கின் பின்னால் ஒளித்து வைக்க வேண்டியவை அல்ல. வட்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, நோயைப் படிக்காமல் வைத்தியராக முடியாது என்று நானே பதில் சொல்கிறேன்.

தாய்மாரே, உங்கள் பிள்ளை இரண்டாம் வருடத்தில் ஏதேனும் கேட்டு வந்தால், பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிடாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பது நமக்குக் கற்றுத் தரப்பட்ட முறையல்ல. விண்ணப்பச் செலவுக்கென்று என் மனைவி சீட்டுக் காசைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். நான் தஹஜ்ஜுதில் துஆக் கேட்கிறேன். வீணாக்கிய அந்த ஒரு வருடத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வேறு வழியில்லை.