சிற்றறையும் சொல்லின் தெளிவும்

பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில் திருவிழா என்றால் மரக்கிளையில் குழாய் ஒலிபெருக்கி ஏறிவிடும். திறந்த வெளிக்கு அது தகும். பால்மரக் காட்டைத் தாண்டி அடுத்த லயத்துக்கும் பாட்டுக் கேட்க வேண்டுமன்றோ! தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்பு நிலங்களாகவும் மாறியபின், ஈப்போவின் மலிவு விலை வீடுகளில் குடியேறியோர் பலர். அங்கே 10 அடிச் சதுர அறைக்கும் பெரிய ஒலிபெட்டியே பெருமை எனக் கருதுவோர் உளர்.

சிற்றறையில் அறையும் ஓர் இசைக்கருவியே. 10 அடி இடைவெளியில் எதிரெதிர் நிற்கும் சுவர்களிடையே, நொடிக்கு ஏறத்தாழ 57 அதிர்வுடைய தாழொலி சிக்கி முழங்கும். நீளமும் அகலமும் ஒத்திருப்பின் முழக்கம் மிகும். பெட்டியை மூலையில் வைத்தால் மேலும் மிகும். அதனுள் மெல்லிய மெய்யொலிகள் அமிழ்ந்துபோகும். சொன்னது 'பள்ளி'யா, 'பல்லி'யா என ஐயுற நேரும். செவிவழித் தமிழ் கற்கும் பிள்ளைக்கு இது சிறிய இழப்பன்று.

ஆதலின் 4 அல்லது 5 அங்குலக் கூம்புடைய எளிய இணையே போதும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான மானிட்டர் வகை, ஒலியை அழகுபடுத்தாது உள்ளபடி தர முயல்வது. சொல்லை நாடுவோர்க்கு ஏற்றது. இணையைச் சுவரினின்று சற்று விலக்கி, காதளவு உயரத்தில், கேட்பவரோடு சமபக்க முக்கோணமாக அமையுமாறு வைத்தல் வேண்டும். நிறைந்த புத்தக அலமாரியும் தடித்த திரைச்சீலையும் எதிரொலியைக் குறைக்கும்.

கடையில் பாட்டை மட்டும் கேட்டு மயங்காது, மின்னல் பண்பலையின் செய்தியையும் கேட்டுப் பார்த்து, ழகரமும் ளகரமும் பிரிந்து ஒலிக்கும் இணையையே வாங்குதல் நன்று.