ஒரு இன்ச் விவகாரம்

சம்பள நாளன்று ஆபீஸில் எல்லோருமே நல்லவர்கள். சம்பள ஸ்லிப் அடித்துத் தருகிறவனிடம் இன்னும் கொஞ்சம் நல்லவர்கள். 1999-ல் 180 பேருக்கு ஸ்லிப் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. புது கம்ப்யூட்டர், விண்டோஸ் 98, பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். எனக்கு ப்ரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாசம்.

இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட தொடர்தாள். கட்டங்கள் முன்பே அச்சடித்தவை. ஒரு தாளில் இரண்டு ஸ்லிப். முதல் தாள் கச்சிதம். இரண்டாவதில் எல்லாம் ஒரு இன்ச் மேலே ஏறி, மூன்றாவது ஆசாமியின் பெயர் இரண்டாவது ஆசாமி கையெழுத்துப் போடும் இடத்தில் உட்கார்ந்தது. அடுத்ததில் இரண்டு இன்ச். பதறிப்போய் மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் எழுந்து வருவதற்குள் ஏழாவது தாள் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏழாவது தாள் அப்பழுக்கில்லாமல் இருந்தது!

"இதுல என்னய்யா குறை? அடி, அடி" என்று போய்விட்டார். எட்டாவது மறுபடி ஏறிக்கொண்டது.

அட்டெண்டர் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். பெண்ணுக்கு பாலிடெக்னிக் பீஸ் கட்ட சொசைட்டியில் லோன் கேட்டிருந்தார். நாலு மணிக்குள் இந்த மாச ஸ்லிப்பைக் கொடுத்தாக வேண்டும். அவருடையது பத்தாவது தாளில் வந்தது. கைக்கு வரவேண்டிய தொகை, 'மொத்தப் பிடித்தம்' என்ற கட்டத்தில்.

"தம்பி, முழுசையும் பிடிச்சுட்டாங்களா?" முகம் வெளிறிவிட்டது மனுஷருக்கு.

கடைசியில் டைப்பிஸ்ட் அக்காதான் வந்தார். கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாளை எடுத்து ஓர ஓட்டைகளை எண்ணினார். இருபத்திநாலு.

"அரை இன்ச்சுக்கு ஒரு ஓட்டை. அப்போ தாள் பன்னிரண்டு இன்ச். உன் மிஷின்ல என்ன போட்டிருக்கே?"

பார்த்தேன். 'லெட்டர்' என்றிருந்தது. அது அமெரிக்காக்காரன் சைஸ், நீளம் 11 இன்ச். நான் கவனிக்காமலே ஓகே தட்டியிருக்கிறேன். தாளுக்கு ஒரு இன்ச் களவு. ஆறு தாள் போனால் ஆறு இன்ச், அதாவது சரியாக ஒரு ஸ்லிப். அதனால்தான் ஏழாவது தாள் யோக்கியன் மாதிரி இருந்திருக்கிறது. மேனேஜர் பார்த்தது அதை.

(டாஸ் காலத்தில் 27, 67, 72 என்று மூன்று எண்களை பிரிண்டருக்கு அனுப்பினால் போதுமாம், பக்கத்துக்கு 72 வரி என்று புரிந்துகொள்ளும். இன்ச்சுக்கு ஆறு வரி, 12 இன்ச்சுக்கு 72. அக்கா இதைப் போன் நம்பர் மாதிரி ஒப்பித்தார்.)

பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் 'கஸ்டம்' என்று ஒன்று இருந்தது. அகலம் 10, நீளம் 12 என்று போட்டேன். மறுத்துவிட்டது. அது கேட்டது இன்ச்சில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 1000, 1200 என்று போட்டதும் வாயை மூடிக்கொண்டது. (இப்போதைய விண்டோஸில் இதே சமாசாரம் பிரிண்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸில் 'ஃபார்ம்ஸ்' என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. ஏ4 தாள் போட்டு, அடியில் 18 மில்லிமீட்டர் வெள்ளையாக விட்டு அடிக்கிறது என்று யாராவது புலம்பினால் அங்கேயும் இந்த 'லெட்டர்' ஆசாமியைத்தான் தேட வேண்டும். ஏ4 நீளம் 297, லெட்டர் 279.)

முதலிலிருந்து அடித்தேன். இரண்டாவது தாள், மூன்றாவது தாள், எல்லாம் கட்டத்துக்குள். ஐந்தாவது தாளில் அண்ணன் ஸ்லிப் வரும்படி அக்கா வரிசையை மாற்றச் சொல்லியிருந்தார். மூன்றே முக்காலுக்குக் கிழித்துக் கொடுத்தேன்.

உடனே ஓடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார்.

"தம்பி, எல்லாம் சரியா இருக்கு. ஆனா பிடித்தம் மட்டும் போன மாசத்தைவிட ஜாஸ்தியா இருக்கே?"

"அதுக்கு இதுல செட்டிங் இல்லைண்ணே."