ஒத்து ஊதுகிறவர்

'அவர் ஒத்து ஊதுகிறார்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு ஆகாது. சொந்தக் கருத்து இல்லாதவர், பிறர் சொல்லுக்குத் தலையாட்டுபவர் என்பதே வழக்கில் அதன் பொருள். ஆயினும் நாகசுரத்துக்குப் பெயர்பெற்ற இக்காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு ஒத்து என்றால் இன்னதென்று தெரியும். வித்துவானுக்குப் பின்னால் நின்று, நீண்ட குழலொன்றில் ஒரே சுருதியை மூச்சு அறாமல் ஊதிக்கொண்டிருப்பார் ஒருவர். ஊர் மக்கள் அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அவர் நிறுத்திவிட்டாலோ, வித்துவானின் இராகம் நிற்க இடமின்றித் தவித்துப்போகும்.

இந்த ஒத்துக்காரரை நமக்கு அண்மையில் நினைவூட்டியவன், தரங்கம்பாடிக் கடற்கரையைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுவன். தந்தை ஃபைபர் படகில் கடலுக்குச் செல்பவர். ஒரு நாள் திருப்பலி முடிந்ததும் அவன் சக்கிரீஸ்து அறை வாயிலில் வந்து நின்றான்.

"சாமி, எனக்கு பாஸ் கிதார் கத்துக்கணும். அதுல நாலு கம்பிதானே? சுலபமா இருக்கும்ல?"

நமக்குச் சிரிப்பு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் குருமடத்தில் சேர்ந்து அந்த நாலு கம்பியோடு மல்லுக்கு நின்றவர்களுள் நாமும் ஒருவர். தமக்குத் தெரிந்த கலையை ஒரு சிறுவனுக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு வந்தால் எந்தக் குருவானவர்தாம் மறுப்பார்? உடனே ஒப்புக்கொண்டோம். அதில் சிறிது கர்வமும் கலந்திருந்தது என்பதைப் பின்னால்தான் உணர்ந்தோம்.

பாஸ் கிதார் வயதில் இளையது. லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் 1951-இல் தம் 'பிரிசிஷன்' பாஸை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே அது உலகெங்கும் பரவியது. அதற்கு முன் கீழ்ச்சுரங்களைத் தாங்கியது ஆள் உயர டபுள் பாஸ். அதைத் தூக்கிச் செல்வதும் கடினம். பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தில் அதன் ஒலி கேட்பதும் கடினம். வீணையின் மெட்டுகளைப்போல மெட்டுகள் பதித்து, மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கியபோது இரண்டு குறைகளும் நீங்கின. சாதாரணக் கிதாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே இதன் தந்திகள் பேசுகின்றன. மிகத் தடித்த ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காது மந்தமாகவே உணர்கிறது. நெஞ்சுக்கூடுதான் முதலில் அறிகிறது.

இனி நம் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். சிறுவனின் தாய் மகளிர் குழுவில் கடன் பெற்று ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்தார். நாமே உடன் சென்று, ஒரு நகரக் கடையில் பழைய கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். நிறம் நன்றாக இருந்தது. தலையில் பெயர்பெற்ற முத்திரை இருந்தது. 'தெரிந்தவர்' என்ற தோரணையில் இரண்டு தந்திகளைச் சுண்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தோம்.

மூன்று மாதங்களுக்குள் தந்திகள் கரகரக்கத் தொடங்கின. ஐந்தாம் மெட்டிலிருந்து ஒன்பதாம் மெட்டு வரை எந்தச் சுரமும் தெளிவாக எழவில்லை. "விரலை ஒழுங்காக அழுத்து, உழைப்புப் போதவில்லை" என்று கடிந்துகொண்டோம். அவன் மறுபேச்சு பேசவில்லை. மெட்டுக்கு நேர் மேலே அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைக்க வேண்டும் என்பதை நூறு முறை சொன்னோம். அவன் நூறு முறையும் அப்படியே வைத்தான். விரல் நுனி கன்றிப் புண்ணானது. கரகரப்பு மட்டும் போகவில்லை.

பங்கு விழாவுக்கு மெல்லிசைக் குழுவொன்று வந்திருந்தது. அதில் பாஸ் வாசித்த பெரியவர் சிறுவனின் கருவியைக் கையில் வாங்கினார். வாசிக்கவில்லை. துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் அதன் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு நொடி பார்த்தார். "கழுத்து முறுக்கிட்டுது தம்பி. இதுல யார் வாசிச்சாலும் இப்படித்தான் கேக்கும்" என்றார்.

சிறுவன் நம்மைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, நிம்மதிதான் இருந்தது. தன் விரல் பொய்யானது அல்ல என்ற நிம்மதி. அதுதான் நம்மைச் சுட்டது. பல மாதங்களாக ஒரு பிள்ளை தன்னையே நொந்துகொண்டிருக்க நாம் காரணமாகிவிட்டோம். நாற்காலியில் அமர்ந்து பிறர் குற்றங்களைக் கேட்டுப் பழகிய நாம், அன்று இரவு அவன் வீட்டு வாசலில் நின்று, அவன் தாயின் முன்பாகவே மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சாமி" என்றான். தாய் ஒன்றும் சொல்லவில்லை. தவணை இன்னும் பாதி மீதம் இருந்தது.

ஆதலால், பிள்ளைகளுக்குக் கருவி வாங்க எண்ணும் பெற்றோர், பங்கு இளையோர் ஆகியோருக்கு நாம் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். முதலில் கழுத்தைப் பாருங்கள். ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், நடுவே ஏழாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையில் மெல்லிய அட்டை நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். மிகுதியாக இருந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்னால் வளைந்திருக்கிறது. இந்த வளைவைக் கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். முறுக்கிக்கொண்ட கழுத்தை அப்படிச் சரிசெய்ய இயலாது. பின்பு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் வாசித்துக் கேளுங்கள். வழக்கமான தந்தி நீளம் 34 அங்குலம். சிறு கைகளுக்கு 30 அங்குலக் கருவியும் உண்டு. ஐந்து தந்தி, ஆறு தந்தி என்று ஆசைப்பட வேண்டாம். நான்கே ஒரு வாழ்நாளுக்குப் போதும்.

கருவிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஒலிபெருக்கிக்கு ஒதுக்குங்கள். சாதாரணக் கிதாருக்கான பெட்டியில் பாஸை இணைத்து உரக்க வாசித்தால் அதன் கூம்பு கிழிந்துபோகும். காது கீழ்ச்சுரங்களை மந்தமாகவே உணர்வதால் பாஸுக்குக் கூடுதல் வாட் தேவை. வீட்டுப் பயிற்சிக்குச் சிறு பெட்டி போதும். டிரம்ஸுடன் வாசிக்க 100 வாட்டுக்குக் குறைந்தது உதவாது. ஆலயத்தில் பெட்டியைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள். மூலை கீழ்ச்சுரங்களைப் பெருக்கிக் குழப்பிவிடும். விழா மேடைகளில் ஜெனரேட்டர் இணைப்பு இருந்தால், எர்த் சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்த பின்னரே தந்தியில் கை வையுங்கள். தந்தியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டு மின்சாரம் தாக்கும் ஆபத்து விளையாட்டல்ல.

கடலோரத்தில் வாழ்வோர்க்கு இன்னொன்று. உப்புக்காற்று டேனிஷ் கோட்டையின் சுவரையே அரிக்கிறது, தந்தியை விட்டுவைக்குமா? வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து, கருவியை உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றையும் போட்டு வையுங்கள். புதுத் தந்தி வாங்க வசதி இல்லாதபோது, பழையதைக் கழற்றிச் சில நிமிடம் கொதிநீரில் இட்டு நன்கு உலர்த்தி மாட்டினால் ஒலி ஓரளவு உயிர்பெறும். பல கலைஞர்கள் கையாண்ட சிக்கனம் இது.

கருவியைவிடக் கடினமானது குழுவில் வாசிப்பது. குருமடத்தில் ஒரு குருத்துவத் திருநிலைப்பாட்டு விழாவன்று நாம் கற்றதையெல்லாம் காட்டிவிடத் துடித்து, கிடைத்த இடமெல்லாம் சுரங்களை நிரப்பினோம். பாடற்குழுவை நடத்திய முதியவர் முடிவில் ஒன்றே சொன்னார்: "தம்பி, இன்னிக்கு எல்லாரும் உன்னைக் கேட்டாங்க, பாட்டைக் கேக்கல." அந்தச் சொல்லுக்கு ஈடான பாடத்தை இன்றுவரை நாம் படிக்கவில்லை.

பாஸ் வாசிப்பவரின் முதல் நண்பர் டிரம்ஸ் வாசிப்பவர். அவர் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மும் நம் சுரமும் ஒரே கணத்தில் விழ வேண்டும். ஒவ்வொரு சேர்ச்சுரம் மாறும்போதும் அதன் அடிப்படைச் சுரத்தை முதல் தட்டில் தெளிவாக வையுங்கள், அழகெல்லாம் பிறகு. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறிச் சுண்ட, ஒலிக்காத தந்திகளை மற்ற விரல்கள் தொட்டு அமைதிப்படுத்த வேண்டும். நிமிடத்துக்கு 60 தட்டு என மெதுவாகத் தொடங்குங்கள். கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையும் பாஸும் ஒரே கீழ்ப்பகுதியில் மோதினால் சேறுபோல் ஆகிவிடும். முன்கூட்டியே பேசி ஒருவர் விலகுங்கள். உயர்ந்த கூரையுள்ள ஆலயங்களில் எதிரொலி நீளுமாதலால் சுரங்களைக் குறுக்கி வாசியுங்கள். எந்த இடத்தில் வாசிக்காமல் இருப்பது என்று அறிந்தவரே தேர்ந்தவர்.

இவ்வுலகப் புகழ் இவ்வாத்தியத்துக்கு மெதுவாகத்தான் வருகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1960-களில் எண்ணற்ற பாடல்களுக்கு பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், சுட்டுவிரல் ஒன்றாலேயே சுண்டினார். அந்நாளைய இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. நம் நாட்டிலோ, 1976-இல் 'அன்னக்கிளி'யுடன் திரைக்கு வந்த இளையராஜா, பாடும் குரலுக்கு அடியில் பாஸ் கிதாருக்கெனத் தனி மெட்டே எழுதி, அதையும் ஒரு பாடகனாக்கினார். ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பாஸை, பெயர் அறியாமலேயே தமிழகம் முழுவதும் கேட்டிருக்கிறது.

"இது மேல்நாட்டு வாத்தியம்; ஆலயத்துக்கு எதற்கு?" என்று கேட்கும் அன்பர்களும் உண்டு. 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பியானோவையும் முரசையும்கூட ஆலயத்தினுள் தடைசெய்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழலார்கனுக்கு உரிய மதிப்பை நிலைநாட்டிக்கொண்டே, வழிபாட்டுக்கு ஏற்றவை எனத் திருச்சபை அதிகாரிகள் இசைந்தால் பிற வாத்தியங்களுக்கும் இடமளித்தது. இன்றும் தவக்காலத்தில், சில நாள்கள் நீங்கலாக, வாத்தியங்கள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. பாஸ் வாசிப்பவருக்கு இது புதிய சட்டமன்று. அவருக்கு ஆண்டு முழுவதும் அதுதான் வேலை. மேல்நாடு என்ற தயக்கத்துக்கும் இந்த மண்ணே விடை சொல்கிறது. 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் குரு சுவார்ட்ஸிடம் பயின்ற மன்னர் சரபோஜி, தஞ்சை அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக் குழுவை வைத்திருந்தார். அதே காலத்தில் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தார். வயலின் இல்லாத கச்சேரியை இன்று யாரால் எண்ண முடிகிறது?

மீண்டும் சிறுவனிடம் வருகிறோம். அந்தப் பெரியவரே தம்மிடமிருந்த பழைய கழுத்தொன்றைக் கொடுத்து, கருவியில் பொருத்தியும் தந்தார். இரண்டே வாரங்களில் சிறுவனின் வாசிப்பு நமது வாசிப்பைத் தாண்டிவிட்டது. விரல்கள் எப்போதோ தயாராகிவிட்டிருந்தன; மரம்தான் தடுத்து நின்றது. ஒரு ஞாயிறன்று அவன் காய்ச்சலில் வராமற்போகவே, பாடல்கள் வழக்கம்போல நடந்தன. திருப்பலிக்குப் பின் ஒரு மூதாட்டி நம்மிடம், "இன்னிக்குப் பாட்டுல என்னமோ காலே இல்ல சாமி" என்றார். பாஸ் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை.

இப்போது அவன் காரைக்கால் பக்கத்து மெல்லிசைக் குழுவொன்றுடன் திருமண வரவேற்புகளுக்குச் செல்கிறான். மகளிர் குழுக் கடனின் கடைசித் தவணைகளை அவனே கட்டினான். சென்ற மாதம் இன்னொரு சிறுவனுக்குக் கருவி வாங்கச் சென்றபோது அவனையும் அழைத்துச் சென்றோம். கடைக்காரர் முத்திரையைக் காட்டிப் புகழ்ந்துகொண்டிருந்தார். அவன் எதுவும் பேசாமல் கருவியை வாங்கி, கண்ணுக்கு நேரே கழுத்தைப் பிடித்துப் பார்த்து, "இது வேண்டாம் சாமி" என்றான். நாமும் அவன் சொன்னதற்கு ஒத்து ஊதினோம்.

அன்பர்களே, உங்கள் பங்கின் பாடற்குழுவிலும் ஓரமாக ஒருவர் நின்று, முகம் காட்டாமல் பாட்டைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரிடம் சென்று ஒரு வார்த்தை பேசுங்கள். அவர் தடுமாறுவதாகத் தோன்றினால், விரலைக் குறைசொல்லுமுன் கருவியைப் பாருங்கள்.