பிடுங்குவதா, காப்பாற்றுவதா? – கடைவாய்ப் பல்லும் ஆன்லேயும்

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். முன்பல்லுக்கு அது ரொம்பச் சரி. ஆனால் கடைவாய்ப் பல் போனால் சொல் போவதில்லை. சிரித்தாலும் தெரிவதில்லை. கல்யாண ஆல்பத்திலும் விழாது! அதனால்தானோ என்னவோ, முன்பல்லில் சின்னக் கறை பட்டாலே கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்பவர்கள்கூட, கடைவாயில் பாதிப் பல் உடைந்து போனாலும் "உள்ளேதானே இருக்கு, யார் பார்க்கப் போறாங்க" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் சாப்பாட்டை அரைப்பது முன்பல் அல்ல. கடைவாய்ப் பல்தான். வாய்க்குள் இருக்கும் அம்மியும் குழவியும் அதுதான். நன்றாகக் கடிக்கும்போது கடைவாயில் 50 முதல் 70 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். ஒரு ஆள் ஏறி நிற்பது போல! அந்தப் பாரத்தைத் தாங்கும் பல் உடைந்தால் என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

இரண்டு வழிதானா?

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டை என்று எங்கே போனாலும் ஷிப்ட் வேலைதான். அங்கே வேலை பார்ப்பவர்களில் பலருக்குப் பல் வைத்தியம் என்றால் இரண்டே இரண்டு. ஒன்று அடைப்பது, இன்னொன்று பிடுங்குவது. கொஞ்சம் வசதி இருந்தால் மூன்றாவதாக 'கேப்' போடுவது. இந்த மூன்றுக்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறது. அதன் பெயர் ஆன்லே.

எனாமல்தான் மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பைவிடக் கடினம். ஆனால் எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்ளும், எனாமல் போனால் மறுபடி வளராது. அதற்குக் கீழே டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழ். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் நாலைந்து மேடுகள் உண்டு. மலையும் பள்ளமுமாக இருக்கும் அந்த மேடுகள்தான் அரைக்கும் வேலையைச் செய்கின்றன.

சொத்தை நடுப் பள்ளத்தில் மட்டும் இருந்தால் சாதாரண அடைப்பு போதும். மேடுகள் எல்லாமே போய்விட்டால் பல்லைச் சுற்றிலும் ராவி, முழுதாக மூடும் கேப் வேண்டும். ஒன்றிரண்டு மேடு மட்டும் உடைந்து, மிச்சப் பல் நன்றாக இருந்தால்? அங்கேதான் ஆன்லே வருகிறது. உடைந்த மேட்டுக்குப் பதிலாக, அதே வடிவத்தில் வெளியே லேபில் ஒரு துண்டைச் செய்து, மிச்சப் பல்லின் மேல் ஒட்டிவிடுவார்கள். மேடுகளைத் தொடாமல் நடுவில் மட்டும் உட்கார்ந்தால் அது இன்லே. மேட்டையும் சேர்த்து மூடினால் ஆன்லே. அவ்வளவுதான் வித்தியாசம்.

எளிதாகச் சொன்னால் அடைப்பு என்பது சுவரில் ஓட்டைக்குச் சிமெண்ட் பூசுவது. கேப் என்பது சுற்றிலும் இடித்துவிட்டுப் புதுச் சுவர் கட்டுவது. ஆன்லே என்பது சரிந்த ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு, நன்றாக இருக்கும் சுவரை அப்படியே விடுவது.

ஏன் நல்ல பல்லை ராவ வேண்டும்?

2002-ல் எடல்ஹாஃப், சோரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள், கடைவாய்ப் பல்லில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு பல் ராவப்படுகிறது என்று எடைபோட்டுப் பார்த்தார்கள். முழு கேப் போட, ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை போய்விடுகிறது. ஆன்லேக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். ராவிய பல் திரும்ப வராது என்பதை நினைத்துப் பார்த்தால் இது சாதாரண வித்தியாசம் அல்ல.

அப்படியானால் பெரிய ஓட்டையையும் சாதாரணமாக அடைத்துவிட்டால் என்ன? அதிலும் ஒரு சிக்கல். வெள்ளை அடைப்புக்குப் பயன்படும் காம்போசிட், நீல விளக்கில் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். சின்ன அடைப்பில் அது தெரியாது. பெரிய அடைப்பில் அந்தச் சுருக்கம் பக்கச் சுவரை உள்ளே இழுக்கும். ஏற்கெனவே மெலிந்து போன சுவர், ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது 'டக்' என்று விரிசல் விடும். ஆன்லேயை வெளியே செய்து இறுக்கிவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்கள். அதனால் ஒட்டும் பசையின் மெல்லிய படலம் மட்டுமே சுருங்கும்.

சுவாமிமலையும் பெயிண்ட் கடையும்

ஆன்லே வந்த கதை, தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்நியமானதே அல்ல.

1907-ல் வில்லியம் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பல்லின் பள்ளத்துக்கு ஏற்றபடி மெழுகில் அச்சு செய்து, அதைச் சுற்றி மாவுக் கூடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தங்கத்தை ஊற்றும் முறையை அறிமுகப்படுத்தினார். படித்தவுடன் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? சுவாமிமலை ஸ்தபதிகள் பரம்பரை பரம்பரையாகப் பஞ்சலோகச் சிலை வார்ப்பது இந்த மெழுகு முறையில்தான். தங்க ஆன்லேயும் நடராஜர் சிலையும் ஒரே தொழிலின் இரண்டு பிள்ளைகள்!

அடுத்தது ஒட்டுவது. வழுவழுப்பான எனாமலில் பசை பிடிக்காது. 1955-ல் மைக்கேல் புவோனோகோர் என்பவர் இதற்கு வழி கண்டார். இரும்புத் தகட்டில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க, முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவும் வழக்கம் தொழிற்சாலைகளில் இருந்தது. அதையே அவர் பல்லில் செய்து பார்த்தார். அமிலம் பட்ட எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் விழுந்தன. பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு ஆன்லே ஒட்டுவதற்கு அடிப்படை இதுதான்.

மூன்றாவது கம்ப்யூட்டர். 1985-ல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் என்ற பேராசிரியர், பல்லைக் கேமராவில் படம் பிடித்து, செராமிக் கட்டியை மெஷினில் கடைந்து, அதே அமர்விலேயே பல்லில் ஒட்டிக் காட்டினார். சி.என்.சி. மெஷின் ஓட்டுபவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர் இரும்பில் செய்வதை இங்கே செராமிக்கில் செய்கிறார்கள்.

எத்தனை நாள் வரும்?

"காசைக் கொட்டிப் போட்டா எவ்வளவு நாள் சார் தாங்கும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. செராமிக் இன்லே, ஆன்லே பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான ஒரு கட்டுரை, 5 ஆண்டில் சுமார் 95 சதவீதமும் 10 ஆண்டில் சுமார் 91 சதவீதமும் நிலைத்திருப்பதாகச் சொல்கிறது. போனவற்றில் அதிகம் போனது விரிசலால்.

காமர்ஸ் கணக்கில் பார்த்தால், ஒரு உதாரணத்துக்கு ஆன்லேக்கு 6,000 ரூபாய் ஆகிறது, 10 ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தேய்மானம் மாதம் 50 ரூபாய். இரண்டு நாள் டீ, வடைச் செலவு. (இது கணக்குக்குச் சொன்ன தொகைதான். காம்போசிட், உலோகம், செராமிக் என்று பொருளைப் பொறுத்தும் ஊரைப் பொறுத்தும் விலை மாறும்.)

பிடுங்கினால் செலவு ரொம்பக் குறைவு. ஆனால் அந்தக் கணக்கு அங்கேயே முடிவதில்லை. காலியான இடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும். எதிர்ப்பல் கடிக்க ஆளில்லாமல் மெல்ல இறங்கும். சந்தில் சாப்பாடு மாட்டி அடுத்த சொத்தை ஆரம்பிக்கும். பிறகு பிரிட்ஜ் கட்ட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல பற்களை ராவ வேண்டும். இம்ப்ளான்ட் என்றால் ஆன்லேயைவிடப் பல மடங்கு செலவு. பழைய மெஷினை விற்றால் ஸ்கிராப் விலையாவது கிடைக்கும். பிடுங்கிய பல்லுக்கு அதுவும் இல்லை!

அப்படியானால் ஏன் பிடுங்குகிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் "விவரம் தெரியாததால்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது முழு உண்மை அல்ல.

ரோலிங் மில்லில் வேலை செய்யும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியை எடுத்துக்கொண்டால், அவருக்கு லீவு என்றால் சம்பளம் இல்லை. பிடுங்குவது ஒரே நாளில் முடிந்துவிடும். ஆன்லே என்றால் முதல் முறை சொத்தையைச் சுத்தம் செய்து அளவெடுக்க வேண்டும். லேபிலிருந்து வந்ததும் ஒட்டுவதற்கு மறுபடி போக வேண்டும். நடுவில் வேர் சிகிச்சையும் சேர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள். சிகிச்சைச் செலவைவிட இழந்த கூலிதான் பெரிதாகத் தெரியும்.

அப்புறம் மொழி. கும்மிடிப்பூண்டியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். "இந்தப் பல்லை எடுத்துடுங்க" என்று சொல்ல ஒரு விரல் போதும். "மேடு உடைந்திருக்கிறது, நரம்புக்கு இன்னும் போகவில்லை, இப்போதே மூடினால் தப்பிக்கலாம், அடுத்த வாரம் வாருங்கள்" என்பதை விரலால் சொல்ல முடியாது. பேச்சு தேவைப்படும் வைத்தியம், பேச முடியாதவருக்குக் கிடைப்பதில்லை.

மூன்றாவது வசதி. இ.எஸ்.ஐ.யில் சம்பள வரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய் ஆனது. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதம் 18,000 ரூபாய் வாங்குபவர் 135 ரூபாய் கட்டுகிறார். காய்ச்சலுக்குப் போகும் அதே டிஸ்பென்சரியில் பல்லுக்கும் கேட்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. எந்தப் பல் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவரது உரிமை.

கல்லூரி மருத்துவமனைகளும் உண்டு. 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வந்துவிடலாம். திருவள்ளூர் பக்கத்தில் பாண்டூரில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் ஆகும், கட்டணம் பொதுவாகக் குறைவு.

எல்லோருக்கும் ஆன்லே சரிவருமா?

வராது. விரிசல் வேர் வரை இறங்கிவிட்டாலோ, சொத்தை ஈறுக்குக் கீழே ஆழமாகப் போய்விட்டாலோ, ஒட்டுவதற்குப் போதுமான எனாமல் மிச்சமில்லாவிட்டாலோ ஆன்லே நிற்காது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு, இரவில் போடும் கார்டு இல்லாமல் செராமிக் வைத்தால் அது உடையக்கூடும். பாக்கு மெல்லும் பழக்கம் இருந்தால் பல்லும் தேயும், ஆன்லேயும் தேயும். அமிலத் தொட்டி பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆவி பட்டு எனாமல் அரிக்கும் என்பது பழைய உண்மை. அவர்களுக்கு முகக் கவசம்தான் முதல் வைத்தியம்.

வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லை மட்டும் மூடாமல் விடவே கூடாது. அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஒரு ஆய்வில், கேப் போடாத அப்படிப்பட்ட பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. "வலி போயிடுச்சு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நிறுத்துபவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது. எந்த மூடி சரி, ஆன்லேயா கேப்பா என்பதை எக்ஸ்ரே பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை நாலே நாலு:

1. எத்தனை மேடு மிச்சம் இருக்கிறது? ஆன்லே போதுமா?
2. எந்தப் பொருள், மொத்தம் எவ்வளவு?
3. எத்தனை முறை வர வேண்டும், ஷிப்ட் முடிந்து வரும்படி நேரம் தர முடியுமா?
4. கழன்றாலோ உடைந்தாலோ மறுபடி செய்து தருவீர்களா?

கடைசியாக ஒன்று

முதல் கடைவாய்ப் பல் முளைப்பது 6 வயதில். எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். அதனால் நிறைய வீடுகளில் அதையும் பால் பல் என்றே நினைத்து "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் முளைக்காது. 6 வயதில் வந்த அந்தப் பல்தான் 60 வயதுக்கும் சோறு அரைக்க வேண்டியது.

ஆன்லேயின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கென்று ஒரு நேரம் உண்டு. மேடு உடைந்திருக்கும், ஆனால் வலி வந்திருக்காது. சில்லென்ற தண்ணீர் பட்டால் மட்டும் கூசும். அந்தச் சில மாதங்கள்தான் ஆன்லேயின் காலம். வலி வந்தபின் போனால் வேர் சிகிச்சை, வீங்கியபின் போனால் பிடுங்கல். ஆனால் கூலிக்காரருக்கு லீவு கேட்கக் காரணமாக இருப்பது வலி மட்டுமே. "பல் கூசுது, ஒரு நாள் லீவு வேணும் சார்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னால் சிரிப்பார். கன்னம் வீங்கி வந்து நின்றால் உடனே அனுப்பிவிடுவார். தொழிற்சாலைக்குள்ளேயே ஆண்டுக்கு ஒரு முறை பல் பரிசோதனை நடத்தினால், இந்த இரண்டு நாளுக்கும் நடுவே இருக்கும் பல்லைக் காப்பாற்றிவிடலாம். மெஷினுக்கு மாதா மாதம் எண்ணெய் போடும் இடத்தில், அதை ஓட்டுபவரின் வாயை வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பது அப்படியொன்றும் பெரிய செலவு அல்ல.